கொச்சிக்கும் கோச்சிக்கும் இடையே ஒரு சுழி

லிஃப்ட் வேலை செய்யாத கட்டடங்கள் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. கொழும்பு வெள்ளவத்தையில் எனக்குக் கிடைத்த அறை மூன்றாவது மாடியில். பெட்டியில் என் துணிமணி கொஞ்சம்தான். மீதி முழுக்க அச்சடித்த புத்தகங்கள். சென்னை விமான நிலையத்திலேயே எடை அதிகம் என்று பாதித் துணியை எடுத்துத் தம்பி கையில் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். ஒவ்வொரு படியிலும் என் முழங்கால், இந்த வயதில் இது உனக்குத் தேவையா என்று கேட்டது.

வீட்டுக்காரர் ராஜேஸ்வரி அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். பிள்ளைகள் கனடாவுக்குப் போய்விட்டதால் காலியான அறையை என்னைப் போன்ற வழிப்போக்கர்களுக்கு வாடகைக்கு விடுகிறார். கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்த்தார். "களைச்சுப் போனீங்கள் போல. முதல்ல தேத்தண்ணியைக் குடியுங்கோ, பிறகு ஆறுதலாக் கதைப்பம்" என்றார். விமானத்தில் ஏறியதிலிருந்து என்னிடம் யாரும் சொல்லாத நல்ல வார்த்தை அது.

இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பமும் சொதியும் சம்பலும். எங்கள் வீட்டில் இடியப்பம் காய்ச்சல்காரர்களுக்கு உரியது. தேங்காய்ப் பாலும் சர்க்கரையும் போட்டு, பாவப்பட்டவர்கள் சாப்பிடுவது. இங்கே சிவப்பரிசி மாவில், உறைப்பான சம்பலோடு, உடம்பு நன்றாக இருப்பவர்கள் சாப்பிடுகிறார்கள். நான் பன்னிரண்டோ பதின்மூன்றோ சாப்பிட்டேன். அறையின் ஒரு பக்கம் காலி என்ற ஊருக்குப் போகும் பெரிய வீதியின் பஸ் சத்தம், மறுபக்கம் கடலோர ரயில் சத்தம். இரண்டும் எட்டாத அளவு அசந்து தூங்கினேன்.

வந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். சுற்றுலாக் கம்பெனி ஒன்றுக்குத் தமிழில் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. கொழும்பிலிருந்து மலைநாட்டுக்கு ஓடும் சொகுசு ரயில் ஒன்றில் தமிழ்நாட்டுப் பயணிகளுக்கு இடம் பிடித்துத் தருகிறது அந்தக் கம்பெனி. வருடம் முழுக்க ஓடும் ரயில் இல்லை அது. வெளிநாட்டார் வரும் சில மாதங்கள் மட்டும் ஓடும்; மழைக்காலத்தில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு படுத்துவிடும். அதன் வரலாற்றைத் தமிழில் சின்னப் புத்தகமாக எழுதியிருந்தேன். சனிக்கிழமை இந்த சீசனின் முதல் ஓட்டம். புத்தகங்களை அந்த ரயிலில் சேர்ப்பிக்க வேண்டும். எனக்கும் அதில் ஓர் இருக்கை உண்டு. எழுதிய கூலியைவிட அந்த இருக்கைக்குத்தான் நான் ஒப்புக்கொண்டேன். மாம்பலத்தில் மின்சார ரயிலில் தொங்கியே தேய்ந்துபோனவளுக்கு, வெள்ளைத் துணி விரித்த மேசையில் சாய்ந்துகொண்டு மலையேற வேண்டும் என்று ஆசை வரக்கூடாதா?

வெள்ளைக்காரன் காலத்தில் ஏப்ரல் பிறந்தால் கொழும்பின் பெரிய மனிதர்கள் வெயிலுக்குப் பயந்து நுவரெலியாவுக்கு ஏறிவிடுவார்களாம். குதிரைப் பந்தயம், பூக்கண்காட்சி, நடனம் என்று ஒரு மாதக் கும்மாளம். அந்த மாதத்துக்கே சீசன் என்று பெயர். அவர்கள் போவதற்கென்று கட்டிலும் சமையலறையும் உள்ள தனிப் பெட்டிகள். அவர்கள் கப்பலேறிய பிறகு பெட்டிகள் துருப்பிடித்துக் கிடந்தன. பிறகு ஒரு சுற்றுலா நிறுவனம் வந்து, தேக்குப் பலகைக்கு மெருகு பூசி, பித்தளை விளக்கைத் துலக்கி, வெளிநாட்டாருக்காக ஓட்டியது. அங்கிருந்து அந்த ரயில் ஓடிய கதையைவிட நின்ற கதைதான் நீளம். கலவரத்தில் நின்றது. போரில் நின்றது. ஈஸ்டர் குண்டுகளுக்குப் பிறகு நின்றது. கொரோனாவில் நின்றது. டீசலுக்கு நாடே வரிசையில் நின்றபோது அதுவும் நின்றது. ஒவ்வொரு முறையும் யாராவது வந்து மறுபடி மெருகு பூசினார்கள். என் புத்தகத்தில் "மீண்டும்" என்ற சொல் எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணிப் பார்க்க எனக்கே பயம்.

அந்த ரயிலுக்கு ஒரு வழக்கம் உண்டு. சீசனின் முதல் ஓட்டத்துக்கு, முன்பு அதில் வேலை பார்த்த ஒருவரைத் துணையோடு அழைத்து, ஜன்னலோரம் இரண்டு இருக்கை கொடுத்து உட்கார வைப்பார்கள். இந்த முறை சவரிமுத்து என்பவர். சாப்பாட்டுப் பெட்டியில் பரிமாறுபவராக இருந்தவர்; கொட்டாஞ்சேனையில் மனைவியோடு இருக்கிறார். அந்த ரயிலை நடத்துகிறவர்களின் கொழும்பு அலுவலகத்தில் அவரைப் பேசவைத்துப் பதிவு செய்து எனக்கு அனுப்பியிருந்தார்கள். அதைக் கேட்டுத்தான் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை எழுதினேன். அவரை நேரில் பார்த்து ஒரு பிரதி கொடுப்பது மறுநாள் திட்டம்.

மறுநாள் காலை வெள்ளவத்தையில் ரயில் ஏறினேன். கையெட்டும் தூரத்தில் கடல். எங்கள் ஊரில் கடலைப் பார்க்கத் தனியாகக் கிளம்ப வேண்டும். இங்கே வேலைக்குப் போகிறவர்கள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு தூங்குகிறார்கள். மருதானையில் இறங்கி, அங்கே நிற்பதாகச் சொன்ன சொகுசுப் பெட்டிகளைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைத்திருந்தேன். கோட்டை நிலையத்தில் கூட்டம் இறங்கியது. இறங்க விரும்பாத என்னையும் சேர்த்து இறக்கியது. அடுத்த ரயிலுக்குக் காத்திருந்து மருதானை போய்ச் சேர்ந்தபோது என் சேலை மடிப்பு கலைந்து, பொறுமையும் கலைந்திருந்தது.

அங்கே ஒரு சீருடைக்காரரிடம் சீசன் ரயிலைப் பற்றி யாரிடம் விசாரிக்கலாம் என்று கேட்டேன். அவர் ஒரு நீண்ட வரிசையைக் காட்டினார். இத்தனை பேருக்கு அந்த ரயில் மீது ஆசையா என்று வியந்துகொண்டே நின்றேன். ஜன்னலுக்கு வந்ததும் உள்ளே இருந்தவர் என் அலுவலகச் சான்றிதழைக் கேட்டார். எனக்கு ஏது அலுவலகம்? பின்னால் நின்ற, கல்கிசையிலிருந்து வேலைக்கு வரும் பெண் ஒருத்திதான் இரக்கப்பட்டு விளக்கினாள். இங்கேயும் சீசன் என்றால் மாதப் பயணச்சீட்டுதானாம்; மாம்பலத்தில் மாதாமாதம் அதை வாங்கிய எனக்கே உறைக்கவில்லை. நான் கேட்ட ரயிலை விவரித்ததும், "ஆ, அந்த வெள்ளைக்காரன்ட ட்ரெயினா? அது எங்களுக்கு இல்ல மிஸ்" என்றாள். பெட்டிகளை வேலிக்கு அப்பாலிருந்துதான் பார்க்க முடிந்தது. தார்ப்பாய்க்குக் கீழே சக்கரங்கள் மட்டும் தெரிந்தன.

கொட்டாஞ்சேனைக்கு ஆட்டோ பிடித்தேன். ஓட்டியவர் தொப்பி அணிந்த முஸ்லிம் இளைஞர். போகிற வழியில் அவருக்கு ஒரு அழைப்பு வந்தது. பேசிவிட்டு முகமெல்லாம் சிரிப்பாக என் பக்கம் திரும்பி, "தாத்தாவுக்குப் புள்ள கெடச்சிருக்கு" என்றார். எந்த வயதில் என்ன கூத்து இது என்று நான் நினைத்துக்கொண்டேன். ஆண் குழந்தை என்றும், தாய் நலம் என்றும் அவர் தொடர்ந்து சொல்லிக்கொண்டு வந்தபோதுதான், அவர்கள் பேச்சில் தாத்தா என்றால் அக்கா என்பது பிடிபட்டது. வாழ்த்துச் சொன்னேன். ஒரே மொழி பேசுகிறோம் என்று நம்பிக்கொண்டு வந்தது தப்பு என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சவரிமுத்துவின் வீடு தேவாலயத்துக்கும் கோவிலுக்கும் இடையில் போகும், ஒழுங்கை என்று அவர்கள் சொல்லும் ஒரு சந்துக்குள் இருந்தது. அவர் மெலிந்த, நிமிர்ந்த மனிதர். உட்காரச் சொன்னாலும் உடனே உட்காராமல், எனக்கு என்ன வேண்டும் என்று கேட்பதுபோல் சற்றே குனிந்து நின்றார். மனைவி பிலோமினா கனத்த உடம்பு, கணீர்க் குரல். இஞ்சி போட்ட பிளேன்டீயை என் முன்னால் வைத்த விதத்திலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது.

முந்தின நாள் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்ததாம். சனிக்கிழமை வரவேண்டாம், வேறு ஒருவரைக் கூப்பிட்டுவிட்டோம் என்று ஒரு பிள்ளை சிங்களத்தில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாளாம். காரணம் சொல்லவில்லை. பிலோமினா புது பிளவுஸ் தைத்தாயிற்று. ஒழுங்கை முழுக்கச் சொல்லியாயிற்று. பாதிரியாரிடமும் சொல்லியாயிற்று. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எல்லாரும் மலை எப்படி இருந்தது என்று கேட்பார்கள்.

"கலியாணங் கட்டின நாள்ல இருந்து அடுத்த சீசன், அடுத்த சீசன் எண்டுதான் எனக்குச் சொல்றாரு. இவரு போற கோச்சி உள்ளுக்கு எப்பிடி இருக்கும் எண்டு ஒரு நாள் நான் பாத்ததில்ல. இந்த முறையாவது போவம் எண்டு இருந்தன்" என்றார் பிலோமினா. அவர் சொன்ன சொல் என் காதில் விழுந்தது; கோச் என்று ஏதோ ரயில் பெட்டியைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

எனக்கு விஷயம் எதுவும் தெரியாது என்று சொல்லி, ஆறுதலாக இருக்கட்டும் என்று புத்தகத்தை எடுத்து நீட்டினேன். இருக்கை போனாலும் பெயர் இருக்கிறதே என்றேன். சவரிமுத்து கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாது என்று என்னையே வாசிக்கச் சொன்னார். கொஞ்சம் பெருமையோடுதான் வாசித்தேன். "இவர் கொச்சியில் உணவு பரிமாறியே வாழ்நாளைக் கழித்தவர்."

அவர் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பிலோமினாதான் பேசினார். "இந்தா பக்கத்தில, கொச்சிக்கடையில பொறந்தது நான். கோச்சியில வேலை செஞ்சது இவரு. கொச்சிக்கு ஆரு போனது?"

கோச்சி என்றால் என்ன என்று கேட்டேன். அந்தக் கேள்வியை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது. "கோச்சிதான் மிஸ்" என்றார் சவரிமுத்து மெதுவாக. "ட்ரெயின்."

நடந்தது இதுதான். பதிவில் அவர் கோச்சி என்று நீட்டித்தான் சொன்னார். நானும் கேட்டபடியே எழுதினேன். கம்பெனியின் சென்னை அலுவலகத்தில் பிழை திருத்துகிறவர், அப்படி ஓர் ஊர் இல்லையே என்று கொம்பின் மேல் சுழியை எடுத்துவிட்டுக் கொச்சி ஆக்கினார். நானும் பார்த்து, ஆமாம், ரயிலில் கொஞ்ச காலம்தான் போல, மற்றபடி கேரளத்தில் பெரிய ஹோட்டல் எதிலாவது இருந்திருப்பார் என்று தலையாட்டினேன். அதே வரியை ஆங்கிலத்தில் சுருக்கிக் கொழும்புக்கும் அனுப்பிவைத்தோம். இந்த சீசனுக்குப் புதிதாக வந்த மேலாளர் அதைப் பார்த்திருக்கிறார் என்பது மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது. வாழ்நாளெல்லாம் கொச்சியில் இருந்தவருக்கு நம் ரயிலில் என்ன மரியாதை என்று பெயரை அடித்துவிட்டார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

மன்னிப்புக் கேட்டேன். சவரிமுத்து கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"என்னைய இந்தியாவுக்கு அனுப்ப ரெண்டு கவர்மென்ட்டும் சேந்து பாத்துச்சு மிஸ். நான் போகல" என்றார். "நீங்க ஒரு சுழிய எடுத்துட்டு அனுப்பிட்டீங்க."

அவர் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்துத் தமிழர்களில் இத்தனை பேர் இந்தியாவுக்கு, இத்தனை பேர் இங்கே என்று இரண்டு அரசாங்கங்களும் பங்கு போட்டுக்கொண்ட காலம். இவருடைய குடும்பம் இந்தியப் பங்கில் விழுந்தது. இவர் அப்போது சீசன் ரயிலில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த இளவட்டம். மற்றவர்கள் மூட்டை கட்டினார்கள். இவர் ரயிலை விட்டு இறங்கவில்லை. கொழும்பில் தேடினால் மலையில் இருந்தார், மலையில் தேடினால் கொழும்பில் இருந்தார். அப்படியே பல சீசன் ஓடிவிட்டது. எந்த நாட்டுக்காரர் என்று சொல்ல முடியாமலே தலை நரைத்து, பிற்பாடுதான் குடியுரிமை வந்தது. ஒரு நாடு இல்லாத காலத்தில் அவருக்கு இருந்தது அந்த ரயில் மட்டும்தான். என் புத்தகம் அதையும் பிடுங்கியிருந்தது.

எழுந்து வரும்போது நாளைக்கே அலுவலகத்தில் பேசி இருக்கைகளை வாங்கிவிடுவதாகச் சொன்னேன். பிலோமினா என்னை வாசல்வரை வந்து வழியனுப்பவில்லை. அதில் நியாயம் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை கொள்ளுப்பிட்டியில் இருந்த அலுவலகத்துக்குப் போனேன். காத்திருக்கச் சொன்னார்கள். பசியில் பக்கத்துக் கடைக்குப் போய் உட்கார்ந்ததும், கேட்காமலே ஒரு தட்டு நிறைய ரோல்ஸும் சோமாசி மாதிரியான பற்றிஸும் கொண்டுவந்து வைத்தார்கள். வைத்ததையெல்லாம் சாப்பிட வேண்டுமாக்கும் என்று மூச்சுமுட்டத் தின்றேன். தின்றதற்கு மட்டும்தான் விலை, மிச்சத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பது பக்கத்து மேசையைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. மேலாளரைப் பார்க்கப் போனபோது எனக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

மேலாளர் நாற்பது வயதுச் சிங்களவர், மரியாதையான மனிதர். தமிழ் தெரியாது. ஆங்கிலத்தில் எழுத்து, சுழி, கொம்பு என்று நான் விளக்க விளக்க அவர் கண் மேசை மேலிருந்த தொலைபேசிக்குப் போனது. மறுநாள் ரயில் கிளம்புகிறது. அவருக்கு ஆயிரம் வேலை. எனக்கும் அலுத்துவிட்டது. பேசாமல் என் கைப்பேசியில் சவரிமுத்துவின் பதிவை ஓடவிட்டேன்.

"நானு சின்ன வயசுல இருந்து கோச்சியிலதாங்க. கோச்சியிலதான் சோறு போட்டேன், கோச்சியிலதான் தூங்குனேன்."

மேலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இன்னொரு தரம் போடச் சொன்னார். பிறகு, "கோச்சியே?" என்று என்னிடம் சிங்களத்தில் கேட்டார். அவர்கள் பேச்சிலும் ரயிலுக்கு அதே சொல்தான். அவருடைய அம்மா அப்படித்தான் சொல்வாராம். ஒரு வார்த்தை தமிழ் தெரியாதவருக்கு அந்தக் கிழவர் சொன்னது ஒரே நொடியில் விளங்கிவிட்டது. தமிழை எழுதிப் பிழைக்கிற எனக்கும் பிழை திருத்துகிறவருக்கும் விளங்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. அவர் தண்ணீர் கொடுத்தார்.

அவர் உடனே சவரிமுத்துவைத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டார். ஆனால் இருக்கை இல்லை. அந்த இரண்டு இடமும் ஓய்வுபெற்ற ரயில்வே கார்ட் ஒருவருக்கும் அவர் மனைவிக்கும் போய்விட்டது. அவர்கள் அநுராதபுரத்திலிருந்து கிளம்பிவிட்டார்கள். மீதி எல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டன. இந்த சீசனின் மற்ற ஓட்டங்களையும் வெளிநாட்டுக் குழுக்கள் மொத்தமாக எடுத்துக்கொண்டுவிட்டன. அடுத்த சீசனுக்கு நிச்சயம் என்று மனதாரத்தான் சொன்னார்.

அடுத்த சீசன் என்ற சொல்லைக் கொண்டுபோய் பிலோமினாவிடம் சொல்ல எனக்குத் தெம்பில்லை. என் இருக்கையை அவர்களுக்குக் கொடுத்துவிடச் சொன்னேன். இதில் பெருந்தன்மை ஒன்றும் கிடையாது. சொல்லி முடித்த மறுகணமே, வெள்ளைத் துணி விரித்த மேசை என் கண்முன் வர, என் வாயையே கடிந்துகொண்டேன். ஆனாலும் ஒருவருக்குத்தான் இடம். இருவருக்கு ஓர் இருக்கையைக் கொண்டுபோய்க் கொடுப்பது நல்லதா கெட்டதா என்று பஸ்ஸில் போகும் வழியெல்லாம் எனக்குத் தெரியவில்லை.

கொட்டாஞ்சேனையில் அந்தச் சண்டை கொஞ்ச நேரம் நடந்தது. அவரில்லாமல் போய் நான் எதைப் பார்ப்பது என்றார் பிலோமினா. நான் பார்க்காத மலையா, நீ போ என்றார் சவரிமுத்து. அது உங்களுக்குக் கொடுத்த மரியாதை என்றார் பிலோமினா. உனக்குத்தானே நான் வாக்குக் கொடுத்தது என்றார் அவர். நான் சுவரில் இருந்த இருதய ஆண்டவர் படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் பிலோமினா எழுந்து பிளவுஸை இஸ்திரி போடப் போனார். சண்டை முடிந்தது என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன். இந்த முறை வாசல்வரை வந்தார்.

மாலையில் ராஜேஸ்வரி அக்காவின் சாப்பாட்டு மேசையில் புத்தகக் கட்டுகளைப் பிரித்துப் பரப்பினேன். கறுப்பு மைப் பேனாவால் கொம்பின் தலையில் ஒரு சுழி போட்டால் கொச்சி கோச்சி ஆகிவிடும். நம் எழுத்தில் அந்த ஒரு சௌகரியம் இருக்கிறது. அக்காவும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு பேனாவோடு உட்கார்ந்தார். "நாங்களும் சின்னனில கோச்சி எண்டுதான் சொல்லுறனாங்கள். இப்ப ஆர் சொல்லினம்? எல்லாருக்கும் ட்ரெயின்தான்" என்றார். அவர் போட்ட சுழிகள் உருண்டையாக, நேர்த்தியாக இருந்தன. என்னுடையவை போகப்போகக் கோணின. விரல் மரத்துப்போனது. ஒரு பிரதியைக்கூட விடாமல் போட்டு முடித்தோம்.

சனிக்கிழமை காலை கோட்டை நிலையம். தார்ப்பாய் விலகிய ரயில் உண்மையிலேயே அழகாக இருந்தது. தேக்கு மின்னியது, ஜன்னல் திரைகளுக்குப் பொன்னிறக் கயிறு. வெயிலில் சிவந்த வெளிநாட்டார் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். புத்தகங்களை ஒப்படைத்தேன். மேலாளர் பிலோமினாவைக் கைபிடித்து ஏற்றி, ஜன்னலோரம் என் இருக்கையில் உட்கார வைத்தார். அநுராதபுரத்துக் கார்ட் இறங்கி வந்து சவரிமுத்துவுக்குக் கை கொடுத்தார். அவர்களுக்கு ஒருவரையொருவர் நன்றாகவே தெரிந்திருந்தது.

பிலோமினா நீலச் சேலையில் இருந்தார். உட்கார்ந்ததும் மேசைத் துணியைத் தடவிப் பார்த்தார். முள்கரண்டியை எடுத்துப் பார்த்து வைத்தார். கணவர் இத்தனை காலம் எதைப் பற்றிக் கதைத்தாரோ அதையெல்லாம் சரிபார்ப்பதுபோல ஒவ்வொன்றாகத் தொட்டார். பிறகு ஜன்னல் வழியே, மத்தியானம் சோற்றைச் சூடாக்கிச் சாப்பிடுங்கள் என்று நிலையமே கேட்கச் சொன்னார்.

சவரிமுத்து என் பக்கத்தில் நின்றார். வெள்ளைச் சட்டை, பளபளவென்று துடைத்த ஷூ. ரயிலின் மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை. கிளம்ப இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. ஏதாவது பேசவேண்டுமே என்று, உங்களுக்கு வருத்தமாக இருக்கிறதா என்று கேட்டேன். அசட்டுக் கேள்விதான். இல்லை என்று தலையசைத்தார்.

"இங்கன நின்னு நான் யாரையும் வழியனுப்பினதில்ல மிஸ்" என்றார். "எப்பவும் உள்ளதான் நிப்பேன்."

மறுபடி பேசினார். தாயும் தம்பியும் இந்தியாவுக்குப் போனது ஜனங்கள் அழுதுகொண்டே போகும் ரயிலில். அதற்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயராம். அது மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. இவருடைய ரயில் ஏறிக்கொண்டிருந்தது. ஒற்றைத் தண்டவாளம் என்பதால் நாவலப்பிட்டி நிலையத்தில் இரண்டும் ஒன்றுக்காக ஒன்று நின்றன. எதிர் ஜன்னலில் அவருடைய அம்மா இருந்தார்.

"எங்கம்மா என்னையப் பாத்துட்டு கைய நீட்டிச்சு. எனக்கு ரெண்டு கையிலயும் சூப்பு" என்றார். "கீழ வைக்கிறதுக்குள்ள கோச்சி எடுத்துட்டான்."

அதன் பிறகு அவர் தாயைப் பார்த்தாரா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

விசில் ஊதியது. ரயில் மெல்ல நகர்ந்தது. பிலோமினா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கையை ஆட்டினார். சவரிமுத்து கையைத் தூக்கினார். பழக்கமில்லாத கை, தலைக்கு மேலே நேராக, சத்தியம் செய்வதுபோலத் தூக்கினார். பெட்டிகள் எங்களைக் கடந்தன. நீலச் சேலை சின்னதாகிக்கொண்டே போனது. கடைசிப் பெட்டியும் வளைவில் திரும்பியது. வெளிநாட்டாரை ஏற்றிவிட வந்த வேன்காரர்கள் கலைந்தார்கள். கூட்டிப் பெருக்குகிறவர் எங்கள் காலடிவரை வந்து, சுற்றிக்கொண்டு போனார்.

அவர் கை இன்னும் மேலேயே இருந்தது.

"கைய எப்ப மிஸ் எறக்குறது?" என்று கேட்டார்.